கழல மறுத்த புரொப்பல்லர்

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரில், சுழன்று படகைத் தள்ளும் புரொப்பல்லர் இறுகிப்போய், அதைக் கழற்ற உட்காருகிறவர் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கவே கூடாது. புரொப்பல்லர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதைத் தாங்கிச் சுழற்றும் அச்சான ஷாஃப்ட் வளைந்தாலோ, முன்னாலிருக்கும் கியர் பெட்டியின் அலுமினிய உறை விரிசல் விட்டாலோ, மோட்டாரையே எடைக்குப் போட வேண்டியதுதான். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். சுத்தியல் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் மறந்தும் போகிறது. கரையோரப் பட்டறைகளின் மூலைகளில் உறை உடைந்த கியர் பெட்டிகள் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவற்றில் பாதியாவது இப்படி அடித்து உடைத்தவையாகத்தான் இருக்கும்.

மாமாவின் மோட்டாரைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்பு எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்துவரும் கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலோரக் காயலில், வந்து சேர்கின்றன. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர் கடைமடைக்கு வந்து, வயல்கள் குடித்தது போக மிச்சம் இங்கேதான் கடலைத் தொடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லகூனில் நன்னீர் புரளும். கோடையில் வரத்து நின்றுபோய் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஆற்றுத்துறையில் கிளம்பும் படகு அலையாத்திக் காட்டைத் தாண்டி முகத்துவாரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் சேற்று நீர், உவர் நீர், கடல் நீர் மூன்றையும் பார்த்துவிடுகிறது. திரும்பி வந்ததும் மோட்டாரைத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். புரொப்பல்லரின் நடுவில் தேங்கிய உப்புத்தண்ணீர் வெயிலில் காய்ந்து உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். மறுநாள் மேலும் கொஞ்சம் உப்பு. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் குறைவு. இந்த ஊர்களில் குடிப்பதற்கே நல்ல தண்ணீர் வண்டியில் வரும் மாதங்கள் உண்டு என்பதால், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை.

புரொப்பல்லர் வெளியில் பார்க்க ஒரே வார்ப்பாகத் தெரியும். உள்ளே அது மூன்று அடுக்கு. வெளியே இலைகளோடு கூடிய அலுமினியக் கூடு. அதற்குள் அழுத்திச் செருகிய தடித்த ரப்பர். ரப்பரின் நடுவே ஒரு பித்தளைக் குழாய். இந்தக் குழாயின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் பற்கள்தான் ஷாஃப்டின் பற்களோடு கோத்துக்கொள்கின்றன. ரப்பர் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. இலை மணல்திட்டிலோ மரக்கட்டையிலோ மோதினால் ரப்பர் வழுக்கிக்கொடுத்துக் கியர் பற்களைக் காப்பாற்றும். அலையாத்தி மரங்களின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து ஆணி நட்டதுபோல் நிற்கும் ஓடைகளில் போகிறவர்களுக்கு அந்த ரப்பரின் அருமை தெரியும். மிகப் பழைய சிறிய மோட்டார்களில் இந்த ஏற்பாடு இல்லை. ஷாஃப்டின் குறுக்கே ஒரு பின் செருகியிருப்பார்கள். மோதினால் பின் உடையும். அந்த வகையில் அலுமினியமே நேராக ஷாஃப்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆகவே, கையில் இருப்பது எந்த வகை என்பதைப் பார்த்துக்கொள்ளாமல் எதையும் தொடக்கூடாது.

ஷாஃப்ட் துருப்பிடிக்காத எஃகு, குழாய் பித்தளை, கூடு அலுமினியம். வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் முதலில் அரிபடுவது அலுமினியம். அதைத் தடுப்பதற்காகத்தான் மோட்டாரின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில், துத்தநாகத் துண்டு ஒன்றைப் பொருத்தி அனுப்புகிறார்கள். அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். பழைய மோட்டார்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் வெறும் திருகுதான் மிஞ்சியிருக்கும். சிலர் பளபளப்பாக இருக்கட்டும் என்று துத்தநாகத்தின் மேலேயே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த துத்தநாகம் எதற்கும் உதவாது. பற்களுக்கு இடையிலோ இடைவெளி மிகக் குறைவு. கிரீஸ் இல்லாத அந்த இடைவெளியை உப்பும் பித்தளைக் களிம்பும் நிரப்பிவிட்டால் இரண்டும் ஒரே உடம்பாகிவிடும்.

மாமாவின் மோட்டார் இரண்டு சிலிண்டர் கொண்ட ஜப்பானிய டூ ஸ்ட்ரோக். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் இந்தக் கரையில் பெருகிய காலத்தில் அவர் கைக்கு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது படகு உடைந்தது. மோட்டார் சேற்றில் புதைந்து கிடந்தது. தோண்டி எடுத்து, தலைப்பகுதியைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் கால் பகுதியில் யாரும் கை வைக்கவில்லை. ஓடுகிற மோட்டாரின் புரொப்பல்லரை எதற்குக் கழற்ற வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். ஓர் இலையின் நுனி உடைந்து, படகு அதிர ஆரம்பித்த பிறகுதான் கழற்ற முயன்றார்கள். அப்போது அது கழலவில்லை.

“மாப்பிள்ளை, நீ கொஞ்சம் வந்து பார். இவர்கள் பெரிய சுத்தியலைத் தேடுகிறார்கள்” என்று மாமா கூப்பிட்டார்.

முதல் வேலையாக பிளக் வயர்களைப் பிடுங்கி ஓரமாகக் கட்டி வைத்தேன். புரொப்பல்லரைக் கையால் சுற்றும்போது இன்ஜின் ஒரு தடவை வெடித்துக் கிளம்பினால்கூட விரல்கள் மிஞ்சாது. இதை எவ்வளவு பழகிய மெக்கானிக்கிடமும் நான் வற்புறுத்திச் சொல்லுவேன். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தாராளமாகச் சுற்றியது. அந்தச் சுற்றல்தான் நிம்மதி தந்தது. நியூட்ரலிலும் சுற்றாமல் நின்றால் கோளாறு கியர் பெட்டிக்குள் இருக்கிறது, அல்லது வலை நூல் சுற்றி இறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். சுற்றுகிறது, ஆனால் கழலவில்லை என்றால் பிடிப்பு பித்தளைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான் என்பது தெரிந்துவிட்டது.

கியர் எண்ணெயையும் அப்போதே வடித்துப் பார்த்தோம். கீழ்த் திருகைத் தளர்த்தியதும் முதலில் கொஞ்சம் தண்ணீரும், பின்னால் பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெயும் வந்தன. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. எண்ணெய் கசியாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் ஷாஃப்டின் ஆயில் சீல் போய்விட்டது. எப்படியும் சீல் மாற்ற வேண்டும் என்று தெரிந்தது ஒருவகையில் நல்லதாகவும் போயிற்று. நெருப்பு வைக்கும்போது சீலுக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

புரொப்பல்லரைப் பிடித்திருக்கும் நட் கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னுக்குப் பதிலாக யாரோ ஓர் ஆணியை வளைத்துச் செருகியிருந்தார்கள். அது துருவாகி உதிர்ந்து, நடுப்பகுதி மட்டும் துளைக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிய டிரில் பிட்டால் அதைத் துளைத்து எடுத்தோம். இலைக்கும் மேலே இருக்கும் தட்டையான தகட்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சுழலாமல் நிறுத்தினால் நட் வந்துவிடும். வந்தது. நட்டை முழுதாக எடுத்துவிடாமல், ஷாஃப்டின் முனையோடு மட்டமாக இருக்கும்படி திருப்பி ஏற்றி வைத்தேன். ஷாஃப்டின் மரை இப்போது நட்டுக்குள் பத்திரம். புரொப்பல்லர் திடீரென்று பிய்த்துக்கொண்டு வந்தாலும் நட் தடுத்துப் பிடிக்கும்.

துரு இளக்கும் எண்ணெயை முன்னும் பின்னும் ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்தோம். மோட்டாரின் காலை நிமிர்த்தி, ஷாஃப்ட் மேல்நோக்கி நிற்கும்படி சாய்த்துக் கட்டியிருந்ததால் எண்ணெய் தானாக உள்ளே இறங்கும். டீசலில் ஊற வைத்தால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட இதற்கென்றே விற்கும் எண்ணெய் மெல்லிய இடுக்குகளில் நன்றாக இறங்குகிறது என்பது என் அனுபவம். மறுநாள் காலையில் தட்டிப் பார்த்தோம். இலையில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. வளையும், அல்லது முறியும். புரொப்பல்லர் கூட்டின் நடுத்தண்டில் தேக்குக் கட்டையை வைத்து, கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. அசையவில்லை. நடுத்தண்டுக்கும் அதன் முன்னாலிருக்கும் தடித்த வாஷருக்கும் இடையில் எதிரெதிராக இரண்டு மெல்லிய ஆப்புகளை வைத்தும் பார்த்தோம். அந்த வாஷர் ஷாஃப்டின் சரிவில் உட்கார்ந்திருப்பதால் விசை ஷாஃப்டுக்குப் போகும், உறைக்குப் போகாது. ஆப்பின் நுனி தவறிக் கியர் பெட்டியின் உறையைத் தொட்டால் அந்த இடத்திலேயே விரிசல் விழும். அதுவும் பலிக்கவில்லை. கால்களால் பற்றி, நடுத் திருகை இறுக்க இறுக்க வெளியே இழுக்கும் புல்லரை மாட்டினோம். இந்த வகை மோட்டாரில் புகை போவதற்காக நடுத்தண்டைச் சுற்றி வழி இருக்கும். புல்லரின் கால்கள் அதற்குள் நுழையும். இறுக்கினோம். ரப்பர் முனகியது, அலுமினியம் கொஞ்சம் பின்னால் வந்தது, பித்தளை இருந்த இடத்திலேயே இருந்தது.

வீட்டில் கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் அப்போது சுத்தியல் கட்சிக்குப் போய்விட்டார்கள். பெரிய சம்மட்டியால் ஷாஃப்டின் முனையில் நேராக ஓர் அடி கொடுத்தால் விட்டுவிடும் என்றார்கள். அந்த அடி எங்கே போகும்? ஷாஃப்டின் வழியாக நேராகக் கியர் சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் போகும். பேரிங் குழிவிழும். வெளியே ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து நடுக்கடலில் தெரியும். நான் சம்மட்டியை வாங்கி வைக்கோல் போருக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

திருத்துறைப்பூண்டிச் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் மோட்டாரின் காலை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். கடலுக்குப் போகாத படகுகளின் வேலையெல்லாம் அந்த நாட்களில் பட்டறைகளில் வந்து குவியும். எங்கள் நல்ல காலம், தடைக்காலம் தொடங்கச் சில வாரங்கள் இருந்தன. அந்த அண்ணன் இளவயதில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குத் தண்டு கடைந்தவர். பித்தளையின் குணம் அவருக்குக் கையில் இருக்கிறது.

“தம்பி, கூட்டைச் சூடாக்கினால் சூடு எங்கே போகும்? நடுவில் ரப்பர் இருக்கிறதே” என்றார் அவர்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். சூடு காட்டினால் உலோகம் விரியும், பிடி விடும் என்பது சரி. ஆனால் வெளிக்கூட்டில் நெருப்பைக் காட்டிக்கொண்டே இருந்தால் சூடு ரப்பரைத் தாண்டிப் பித்தளைக்குப் போவதே இல்லை. ரப்பர்தான் கருகும். அலுமினியம் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. 660 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், அதுவரை நிறம் மாறாமல் நிற்கும். எனவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் கூட்டைப் பித்தளையிலிருந்து பிரிப்பது, பிறகு பித்தளையை ஷாஃப்டிலிருந்து பிரிப்பது. கூட்டை விட்டுக்கொடுத்தாயிற்று என்று மனது முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எரிப்பதற்கு முன்பு பின்பக்கத்தில் தெரியும் ரப்பர் வளையத்தில் நீளமான டிரில் பிட்டால் வரிசையாகத் துளைகள் போட்டார். ரப்பர் சுருள் சுருளாக வெளியே வந்தது. துளைகளுக்கு நடுவே மிஞ்சிய சுவர்களை ஹேக்ஸா பிளேடால் அறுத்தார். எட்டாத இடத்தில் மட்டும் கேஸ் டார்ச்சைக் காட்டினார். ரப்பர் புகை கெட்டது. திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கம் வரும்படி நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். பக்கத்தில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ இருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் கூடு தளர்ந்து, புல்லரின் ஓர் இழுப்புக்கு அப்படியே வந்துவிட்டது. ஷாஃப்டின் மேல் கருகிய பித்தளைக் குழாய் மட்டும் தனியாக நின்றது.

அதைச் சூடாக்கும் முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பித்தளையும் இந்த எஃகும் சூட்டில் விரியும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மீட்டர் நீளம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 19 மைக்ரோமீட்டர் விரியும் பித்தளை, எஃகு 17. இரண்டையும் நிதானமாகச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்தே விரியும். பிடி அப்படியே இருக்கும். பித்தளை மட்டும் சூடேற வேண்டும், ஷாஃப்ட் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதற்காக ஈரச் சாக்கைக் கியர் பெட்டியின் மேலும் ஷாஃப்டின் முனையிலும் சுற்றிவிட்டு, குறுகலான சுடரைக் குழாயில் மட்டும் வேகமாகச் சுழற்றிக் காட்டினார். உடனே புல்லர். மயிரிழை நகர்ந்தது. மறுபடியும் சுடர், மறுபடியும் புல்லர். அதற்குமேல் வரவில்லை. பல மோட்டார்களில் இத்தோடு வந்துவிடும். சேற்றில் புதைந்து கிடந்த மோட்டாருக்கு அது போதவில்லை.

கடைசி வழி, குழாயை நெடுக்கில் கீறுவது. கிரைண்டரில் மிக மெல்லிய அறுப்புத் தட்டை மாட்டி, ஷாஃப்டுக்கு இணையாக, ஒரே கோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். பித்தளை அறுபடும்போது பொறி பறக்காது. தங்க நிறத்தில் மாவு மட்டும் கொட்டும். எஃகைத் தொட்ட நொடியில் பொறி பறக்கும். அவர் கண்ணெல்லாம் அந்த மாவின் மேல்தான் இருந்தது. கோட்டின் ஒரு முனையில் ஒரே ஒரு பொறி தெரிந்தது. உடனே கையைத் தூக்கிவிட்டார். மீதியைக் கிரைண்டர் இல்லாமல், ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அறுத்தார். இரண்டு பக்கமும் பித்தளை தடித்திருந்தாலும் அடியில் காகிதக் கனம் மட்டும் மிஞ்சியிருக்கும் அளவுக்குக் கீறல் இறங்கியது. அதில் மழுங்கிய உளியைச் செருகி ஒரு திருகு. டக்கென்று ஒரு சத்தம். குழாய் வாய் பிளந்தது. கையாலேயே உருவி எடுத்தார்.

உள்ளே பார்த்தால் பற்களின் குழிகளில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு கெட்டித்திருந்தது. பழைய கிரீஸ் மெழுகாகி அதோடு சேர்ந்துகொண்டிருந்தது. ஷாஃப்டின் பற்களோ ஒன்றுகூடச் சேதமில்லை. பொறி பறந்த இடத்தில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். அதை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டார். மிஞ்சிய களிம்பைப் போக்க அத்தை கொடுத்தனுப்பிய புளிக்கரைசல் போதுமானதாக இருந்தது. பூசி, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தோம்.

தடித்த வாஷரை எடுத்ததும் தண்ணீர் இறங்கியதற்கான காரணமும் வெளியே வந்தது. அதன் பின்னால் வலை பின்னும் நைலான் இழையான தங்கூசி நரம்பு வளையம் வளையமாகச் சுற்றி, சூட்டில் இளகி, ஆயில் சீலின் உதட்டை அறுத்திருந்தது. வலை விரிக்கும் இடத்தில் ஓடுகிற படகுக்கு இது தவிர்க்க முடியாதது. புரொப்பல்லரைக் கழற்றாமல் இந்த நரம்பைப் பார்க்கவும் முடியாது. வெளியிலிருந்து ஒரு நூல்கூடத் தெரியவில்லை. இதற்காகவே, உடைந்தாலும் உடையாவிட்டாலும், அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லுவேன்.

சீல்கள் இரண்டையும் மாற்றி, 90 எண் கியர் எண்ணெய் ஊற்றினோம். கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை நிரப்பினால்தான் காற்று தங்காது. பற்களுக்குத் தண்ணீர் கரைக்காத கிரீஸைத் தாராளமாகப் பூசினோம். கறுப்பாக இருக்கும் கிராஃபைட் கிரீஸ் மட்டும் வேண்டாம். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். உப்புநீரில் அது அரிப்பை அதிகப்படுத்தும்.

புதிய புரொப்பல்லர் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. உடைந்த கூடாக இருந்தாலும் அதன் மேல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் இலைகளின் முழு விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டுமே அங்குலத்தில். பிட்ச் 9 என்றால், வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினால் 9 அங்குலம் முன்னால் போகும் என்று பொருள். வலையும் ஐஸும் ஆட்களுமாகப் பாரம் ஏற்றும் படகுக்குப் பிட்ச் குறைந்தது பொருந்தும். அதிகப் பிட்ச் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். பாரத்தோடு இன்ஜின் தன் முழுச் சுற்றுக்கு ஏற முடியாமல் திணறும், டூ ஸ்ட்ரோக் கரி பிடிக்கும். எண்களோடு பித்தளைக் குழாயின் பற்களையும் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்குக் கடைக்காரர் முதலில் நீட்டியது விட்டம் சரி, பிட்ச் சரி, பற்களின் எண்ணிக்கை வேறு.

மாட்டும்போது தடித்த வாஷரின் சரிந்த பக்கம் ஷாஃப்டின் சரிவைப் பார்த்து உட்கார வேண்டும். அதை மறந்துவிட்டு மாட்டினால் புரொப்பல்லரின் உந்துவிசை முழுவதும் உறையின் மேல் விழும். நட்டைப் பேய்த்தனமாக இறுக்க வேண்டியதில்லை. நட்டின் பள்ளமும் ஷாஃப்டின் துளையும் நேராக வரும்வரை இறுக்கி, துருப்பிடிக்காத எஃகில் புதிய காட்டர் பின் செருகி, கால்களை இரண்டு பக்கமும் மடித்துவிட்டால் போதும். சில்லறை விலைதான். பழைய பின்னை நிமிர்த்திப் போட்டால் மடிப்பில் முறியும். ஆணி போட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

சில தடவை லகூனுக்குப் போய்வந்த பிறகு கீழ்த் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு எண்ணெயை விரலில் எடுத்துப் பார்த்தோம். தெளிவாக இருந்தது. புரொப்பல்லரையும் கழற்றினோம். மாமா ஒற்றைக் கையால் இழுத்ததும் வந்துவிட்டது. துடைத்து, கிரீஸ் பூசி, திரும்ப மாட்டினோம். ஆனால் மோட்டாரின் பின்பக்கத் துளையிலிருந்து வர வேண்டிய குளிர்நீர் மெலிந்து வருகிறது. அந்த நீரை ஏற்றும் வாட்டர் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சேற்றில் தேய்ந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிக்கிறோம்.